கடலோரக் காவல்படை என்றால் கடற்படையா, போலீஸா? மகன் சேர ஆசைப்படுகிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: தையல்கடை அக்கா, காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகன் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் எடுத்து முடித்துவிட்டான். இப்போது இந்தியக் கடலோரக் காவல்படையில் நாவிக், அதாவது மாலுமி வேலைக்குத் தேர்வு எழுதப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் குடும்பத்தில் கடலில் வேலை பார்த்தவர்கள் ஒருவரும் கிடையாது. ஊர் பேரில் பட்டணம் இருக்கிறதே தவிர, எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் தென்பெண்ணையும் கே.ஆர்.பி. அணையும்தான்.

கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்ததில் குழப்பம்தான் அதிகமானது. என் தம்பி, "அது கடற்படைக்கு எடுபிடி வேலை" என்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் கனடாவில் இருக்கிறாள். அங்கே கடலோரக் காவல்படைக் கப்பல் சிவப்பாக இருக்கும், துப்பாக்கியே கிடையாது, ஐஸ் உடைக்கிற வேலை என்கிறாள். ஆனால் செய்தியில் சீனாக்காரர்களின் கடலோரக் காவல் கப்பல் பிலிப்பைன்ஸ் படகு மேல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்தேன். மலை மாதிரி இருந்தது அந்தக் கப்பல். ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு வேலையா? நம்முடையது இதில் எந்த வகை? என்ன மாதிரிக் கப்பலில் இவனை ஏற்றுவார்கள்? சண்டைக்கு அனுப்புவார்களா?

பெற்ற மனசு, தெரிந்துகொண்டால் தைரியமாக அனுப்புவேன்.

பதில் 1: ஊத்தங்கரை ஓட்டக்காரன்

அக்கா, நானும் அதே தேர்வுக்குத்தான் தயாராகிறேன். முதலில் கம்ப்யூட்டர் தேர்வு. அதில் தேறினால் உடல்தகுதி. 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், 20 உட்கார்ந்து எழல், 10 தண்டால். உயரம் 157 செ.மீ. இருக்க வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்குப் பள்ளி மைதானத்தில் ஓடுகிறேன். உங்கள் மகனும் இப்போதே ஆரம்பித்துவிட்டால் நல்லது.

எனக்குத் தெரிந்தவரை கடற்படை என்றால் அடுத்த நாட்டோடு போர், கடலோரக் காவல்படை என்றால் கடலில் போலீஸ் வேலை. இரண்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்தான் வருகின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊரில் ரோட்டோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனதே, அதைப் பார்த்த பிறகுதான் ஆட்களைக் காப்பாற்றுகிற வேலைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பதில் 2: பென்னாகரத்தான்

ஊத்தங்கரைத் தம்பி சொன்னது பாதி சரி. மீதியை நான் சொல்கிறேன்.

நான் 1993இல் நாவிக்காகச் சேர்ந்து, மாலுமிகளில் மூத்த பதவியான பிரதான் அதிகாரியாக ஓய்வு பெற்றவன். இப்போது பென்னாகரம் பக்கம் எங்கள் காட்டில் ராகியும் துவரையும் போடுகிறேன். அப்பா ஒகேனக்கலில் பரிசல் ஓட்டினார். நான் முதன்முதலில் கடலைப் பார்த்ததே ஒடிசாவில், சில்கா பயிற்சிக்குப் போனபோதுதான். அதனால் அக்கா, கடல் தெரியாத ஊர் என்று நீங்கள் தயங்க வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ராஜஸ்தான் பையன்கள் இருந்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பரிசலில் இருந்தே தொடங்குகிறேன், எனக்கு அப்படித்தான் விளங்கியது. பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. பாறை இடுக்கில் சுழலில் மாட்டினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துடுப்புப் போட்டு வெளியே வந்துவிடலாம். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் மிதக்கும். அதையே நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் இறக்கினால் இரண்டாவது அலைக்குத் தாங்காது. அங்கே ஓடும் விசைப்படகை ஒகேனக்கலில் விட்டால் பத்தடி போவதற்குள் அடி கிழிந்துவிடும். தண்ணீர் எப்படி, வேலை என்ன என்பதைப் பொறுத்துத்தான் கலம். கடலோரக் காவல்படையும் அப்படித்தான். ஒரு நாட்டின் கப்பலைப் பாருங்கள், அந்த நாடு அவர்களிடம் என்ன வேலையை ஒப்படைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் கதை இது. அறுபது, எழுபதுகளில் தங்கம், கடிகாரம், துணி என்று கடத்தல் தாராளமாக நடந்தது. 1974இல் மும்பைக்கு வெளியே கடலடியில் எண்ணெய் கிடைத்தது. 1976இல் கரையிலிருந்து 200 கடல் மைல் வரைக்குமான கடல் வளம் நமக்கு உரியது என்று சட்டம் வந்தது. 200 கடல் மைல் என்றால் 370 கிலோமீட்டர். தர்மபுரியிலிருந்து சென்னைக்குப் போய், அதற்கு மேலும் எழுபது கிலோமீட்டர் போனால் எவ்வளவு, அவ்வளவு. அத்தனை தூரத்தை யார் காப்பது? போலீஸ் படகால் முடியாது. ஏவுகணை வைத்த போர்க்கப்பலை மீன் திருடுகிற படகின் பின்னால் அனுப்பினால் செலவும் அதிகம். அடுத்த நாட்டுப் படகை நம் போர்க்கப்பல் நெருங்கினாலே விஷயம் பெரிதாகிவிடும். அதனால் இடையில் ஒரு படை வேண்டும் என்று ருஸ்தம்ஜி தலைமையிலான குழு பரிந்துரை செய்தது. 1977 பிப்ரவரி 1 அன்று, கடற்படை கொடுத்த இரண்டு பழைய போர்க்கப்பலும் ஐந்து ரோந்துப் படகுகளும்தான் மொத்தச் சொத்து. 1978 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 'வயம் ரக்ஷாம' என்பது எங்கள் சொல். நாங்கள் காக்கிறோம் என்று அர்த்தம். எடுபிடி என்று உங்கள் தம்பி சொன்னாரே, அவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கைது செய்ய, சோதனை போட, பறிமுதல் செய்ய எங்களுக்கென்று சட்ட அதிகாரம் இருக்கிறது.

இப்போது கப்பல்களுக்கு வருகிறேன். பெரிய ரோந்துக் கப்பல்கள் இருக்கின்றன. விக்ரம், விஜயா, வஜ்ரா என்ற வரிசையில் ஏழு கப்பல்கள் எண்ணூர் பக்கம் காட்டுப்பள்ளித் தளத்தின் தயாரிப்பு. சுமார் 98 மீட்டர் நீளம், மேலே ஹெலிகாப்டர் இறங்குகிற தளம். முன்னால் இருப்பது 30 மி.மீ. பீரங்கி. கடத்தல் படகை நிறுத்த அது போதும், போர்க்கப்பலோடு மோத அது போதாது. வேண்டுமென்றேதான் அப்படி. அப்புறம் சின்ன இடைமறிப்புப் படகுகள், சுமார் 28 மீட்டர். 45 நாட் வேகம், மணிக்கு 83 கிலோமீட்டர் வரும். கிருஷ்ணகிரி-ஓசூர் பைபாஸில் பஸ் போகிற வேகத்தைக் கடலில் நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அலையும் முதுகுத்தண்டில் இடிக்கும். முழங்காலை மடக்கி நிற்கக் கற்றுக்கொள்ளாதவன் ஒரே நாளில் படுத்துவிடுவான்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நான் மூன்று வருஷம் இருந்தேன். அங்கே ஹோவர்கிராஃப்ட். அது கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. அடியில் காற்றை ஊதி, ரப்பர் பாவாடைக்குள் அடைத்து, அந்தக் காற்று மெத்தை மேல் வழுக்கிப் போகும். பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டுகள் வரிசையாக இருக்கின்றன. சாதாரண ரோந்துக் கப்பல் அங்கே தரைதட்டிவிடும். ஹோவர்கிராஃப்ட் கடலில் வந்த வேகத்திலேயே மணலில் ஏறி, மறுபக்கம் இறங்கிவிடும். இரைச்சலில் காது அடைத்துக்கொள்ளும். முதல் தடவை ஏறியபோது அப்பாவின் பரிசல்தான் ஞாபகம் வந்தது. ஆழமில்லாத தண்ணீருக்கு மனிதன் கண்டுபிடித்த இரண்டு வழிகள்.

எண்ணெய் சிந்தினால் அதை எடுக்கத் தனிக் கப்பல்கள், சமுத்ர பிரஹரி மாதிரி. மிதவைத் தடுப்பைக் கடலில் வளைத்துப் போட்டு, எண்ணெயை ஒரு இடத்தில் ஒதுக்கி, கருவியால் உறிஞ்சி எடுக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. நான் அப்போது சென்னையில். கரையோரப் பாறை இடுக்கில் தார் மாதிரி உறைந்துபோன எண்ணெயை எந்தக் கப்பல் வந்து எடுக்கும்? வாளியும் கையும்தான். மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் ஆட்கள் எல்லோரும் சங்கிலி மாதிரி நின்று வாளி கை மாற்றினோம். அந்த நாற்றம் ஒரு வாரம் உடம்பை விட்டுப் போகவில்லை. பிள்ளைகள் பலர் சரியான கையுறைகூட இல்லாமல் இறங்கினார்கள். இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சண்டைக்கு அனுப்புவார்களா என்று கேட்டீர்கள். போர் என்று வந்தால் கடற்படையோடு சேர்ந்து நிற்க வேண்டும், அதை மறைக்க மாட்டேன். கடற்கொள்ளைக்காரர்களையும் பிடித்திருக்கிறோம். 1999இல் அலோண்ட்ரா ரெயின்போ என்ற ஜப்பானியர்களின் சரக்குக் கப்பலைக் கொள்ளைக்காரர்கள் பிடித்து, பெயரை மாற்றி எழுதி அரபிக்கடலில் ஓட்டி வந்தார்கள். நம் படைக் கப்பல் தாராபாய் துரத்த, கடற்படைக் கப்பல் பிரஹாரும் சேர்ந்து மடக்கியது. நான் அதில் இல்லை. ஆனால் எங்கள் படையில் அந்தக் கதை தெரியாதவர் கிடையாது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் ஜப்பான் கடலோரக் காவல்படையோடு கூட்டுப் பயிற்சி.

ஆனால் என் சர்வீஸில் பெரும்பாலான நாட்கள் தேடுவதிலும் மீட்பதிலும்தான் போயின. ஒரு நவம்பரில், நாகப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு திரும்பவில்லை என்று தகவல். இன்ஜின் நின்று, வாடைக்காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். டார்னியர் விமானம் மேலிருந்து தேடி இடத்தைச் சொன்னது. நாங்கள் போய்ச் சேர இரவு இரண்டு மணி. ஆறு பேர். டீசலில் நனைத்த லுங்கியைக் கம்பில் கட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் கடைசித் துணி. அவர்களில் ஒரு பெரியவரிடம் டீ கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். ஆறிப்போன பிறகு மாற்றிக் கொடுத்தேன். அதையும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் படகில் அபாய அறிவிப்புக் கருவி இல்லை. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக எங்கள் மையத்துக்கு இடம் தெரிந்துவிடும், இஸ்ரோ செய்தது. அது இருந்திருந்தால் அந்த ஐந்து நாள் வேதனை அவர்களுக்கு இல்லை. சாமான் ஏற்றும்போது ஐஸ் மறப்பதில்லை, அதை மட்டும் மறக்கிறார்கள். 1554 என்ற எங்கள் எண்ணைக் கடற்கரையில் சொந்தம் இருக்கிற யாராக இருந்தாலும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி. கனடாப் பெண் சொன்னது உண்மை. அது ஆயுதமில்லாத அமைப்பு, வெகு காலம் மீன்வளத் துறையின் கீழ் இருந்தது. 2025இல் பாதுகாப்புத் துறைக்கு மாற்றினார்கள், ஆனாலும் அது சிவில் அமைப்பாகவே நீடிக்கிறது. வடக்கே கடல் உறைந்துபோகிற நாட்டில் ஐஸை உடைத்து வழி விடாவிட்டால் ஊருக்குச் சாமான் போகாது. வெள்ளைப் பனியில் பளிச்சென்று தெரியத்தான் சிவப்பு. ஐஸ்லாந்து இன்னொரு கோடி. அவர்களுக்குக் கடற்படையே கிடையாது, கடலோரக் காவல்படைதான் எல்லாம். எழுபதுகளில் பிரிட்டன் விசைப்படகுகளோடு மீன் தகராறு வந்தபோது, சின்னக் கப்பலின் பின்னால் கொக்கி மாதிரி ஒரு வெட்டும் கருவியைக் கட்டி இழுத்துப் போய், அவர்கள் வலையின் கம்பியை அறுத்துவிட்டார்கள். வலை கடலோடு போய்விடும், படகு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பிரிட்டன் போர்க்கப்பலே வந்து நின்றும், 1976இல் 200 கடல் மைல் எல்லை ஐஸ்லாந்து பக்கமே முடிந்தது. அந்தக் கருவியைப் படத்தில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஜப்பானில் போக்குவரத்தைக் கவனிக்கிற அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ராணுவமாகச் செயல்படக் கூடாது என்று அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. சீனாவில் இதற்கு நேர்மாறு. 2018இல் ஆயுதப் போலீஸின் கீழ் கொண்டுவந்து, ராணுவத் தலைமையோடு சேர்த்துவிட்டார்கள். 12,000 டன் கப்பல் வரை வைத்திருக்கிறார்கள். நம் பெரிய ரோந்துக் கப்பலே இரண்டாயிரத்துச் சொச்சம் டன்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுபோய் மீன்பிடிப் படகு முன்னால் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளைப் பெயிண்ட் அடித்த கப்பலைப் பார்த்தால் கடலில் இருக்கிறவனுக்குப் பயம் தெளிய வேண்டும்.

பதில் 3: ஓசூர் இன்ஜின்ரூம்

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், இப்போது விடுப்பில் ஓசூரில். அண்ணா விட்ட இரண்டு நாடுகளை மட்டும் சேர்க்கிறேன்.

இங்கிலாந்தின் கடலோரக் காவல் அமைப்பு 1822இல் தொடங்கியது. அவர்களிடம் நம் மாதிரிப் பெரிய ரோந்துக் கப்பல்கள் கிடையாது. 999க்குப் போன் போட்டால் எடுத்து, யார் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்வதுதான் முக்கிய வேலை. ஹெலிகாப்டர் இருக்கிறது, பாறைச் சரிவிலும் சேற்றிலும் மாட்டியவர்களை மீட்கக் கரையில் தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. மீட்புப் படகோ வேறு ஒரு அறக்கட்டளையுடையது, 1824இல் இருந்து மக்கள் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது. படகில் போகிறவர்களும் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள். கடைக்காரர், ஆசிரியர், மெக்கானிக். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும் படகு, டிராக்டரால் மணலில் தள்ளிக் கடலில் இறக்குவார்கள்.

அமெரிக்கா முழுக்க வேறு. 1790இல் சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்கப் பத்துப் பாய்மரப் படகுகளோடு ஆரம்பித்தது. அந்தப் படகு வகைக்குக் 'கட்டர்' என்று பெயர், இன்று 127 மீட்டர் கப்பலையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். உயிர்காக்கும் துறை 1915இல் சேர்ந்தது, கலங்கரை விளக்கத் துறை 1939இல். அதனால் எல்லா வேலையும் அவர்கள் தலையில். எங்கள் கப்பலுக்குள் ஏறி இன்ஜின் அறையில் கழிவு எண்ணெய்க் குழாய் வரை சோதிப்பார்கள். நான் இரண்டு தடவை அவர்களுக்கு முன்னால் பைப்பைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன். நிறத்தைப் பார்த்தே வேலை தெரியும்: ரோந்து வெள்ளை, வழிகாட்டி மிதவைகளைப் பராமரிப்பது கறுப்பு, ஐஸ் உடைப்பது சிவப்பு. பக்கவாட்டில் அந்தச் சாய்வான பட்டை 1967இல் அவர்கள் கொண்டுவந்தது. அதைப் பார்த்துத்தான் பல நாடுகளும் போட்டுக்கொண்டன, நம் கப்பலிலும் அப்படி ஒரு பட்டை இருக்கிறது.

தையல்கடை அக்கா:

படித்துக்கொண்டே அழுதுவிட்டேன், அந்தப் பெரியவர் டீ டம்ளர் விஷயத்தில். மகனும் உட்கார்ந்து முழுவதும் படித்தான். பென்னாகரத்து அண்ணா, இன்னும் இரண்டே கேள்வி. அவனுக்கு நீச்சல் அரைகுறை. பஸ்ஸில் ஏற்காடு போனாலே வாந்தி எடுப்பான். இவனால் முடியுமா? அப்புறம், ஒரு தடவை போனால் எத்தனை நாள் கழித்து வீடு?

பென்னாகரத்தான்:

அக்கா, நீச்சல் பயிற்சியில் கற்றுக்கொடுப்பார்கள். ஆனாலும் தெரிந்து போனால் பயம் இருக்காது. அணையில் போய்ப் பழக வேண்டாம், அடியில் சேறும் முள்ளும் எங்கே என்று யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிற நீச்சல் குளத்தில் சேர்த்துவிடுங்கள்.

வாந்திக்குப் பயப்பட வேண்டாம். என் முதல் பயணத்தில் மூன்று நாள் எதுவும் நிற்கவில்லை. காய்ந்த ரொட்டி, எலுமிச்சம்பழம், தளத்தில் நின்று தூரத்து விளிம்பைப் பார்ப்பது, இவ்வளவுதான் மருந்து. வெறும் வயிறாக இருக்கக் கூடாது. நாலாம் நாள் சோறு கேட்டேன். ரொம்பப் பேருக்கு அப்படித்தான். ஒரு சிலருக்குப் பல வருஷம் ஆனாலும் கடல் கொந்தளித்தால் வரும், பக்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வருவது கப்பலைப் பொறுத்தது. சின்னப் படகு என்றால் ஓரிரு நாளில் கரைக்கு வந்துவிடும். பெரிய ரோந்துக் கப்பல் என்றால் வாரக்கணக்கில் கடல்தான். கரைக்கு வந்தாலும் அது அந்தமானோ குஜராத்தோ, காவேரிப்பட்டணம் இல்லை. என் அப்பா இறந்தபோது நான் கடலில் இருந்தேன். சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் மூன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இதை மறைத்து உங்கள் மகனை அனுப்பச் சொல்ல எனக்கு மனசு வராது. அவனிடமும் சொல்லுங்கள், தெரிந்து வரட்டும்.

கப்பலைப் பொதுமக்கள் ஏறிப் பார்க்க விடுகிற நாட்கள் உண்டு. சென்னையில் அப்படி அறிவிப்பு வந்தால் இரண்டு பேரும் போய் வாருங்கள். முன்னால் இருக்கும் பீரங்கியைத்தான் பையன் முதலில் பார்ப்பான், பார்க்கட்டும். அப்புறம் பக்கவாட்டில் கூட்டிப் போய், தொங்கவிட்டிருக்கிற ரப்பர் படகுகளையும், தண்ணீரில் கிடக்கிறவரைத் தூக்க இறக்கும் வலையையும் காட்டச் சொல்லி அங்கே இருக்கிற நாவிக்கிடம் கேளுங்கள். தமிழ்ப் பையன் யாராவது இருப்பான். பென்னாகரத்து ஆள் ஒருவர் கேட்கச் சொன்னார் என்று சொன்னால், அந்த வலையில் யாரை எப்போது தூக்கினோம் என்று அவனே உட்காரவைத்துச் சொல்வான்.